நாகப்பனுக்கு ஏற்ற நாய்

ருக்குமணி நாய் தேடுகிறாள் என்ற செய்தி, விடிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் பரவியதும், மரவள்ளி நடப் போக நின்றிருந்த கூட்டம் பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது.

"மனுசனுக்கே மரவள்ளிக் கிழங்கு. நாய்க்கு நீ என்ன போடப்போறே?" என்று கேட்டான் முனியாண்டி. அவளுக்கு அடுத்த வீட்டுக்காரன். சண்டைக்கு முன்னால் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனவன் என்பதால், நாய் என்றால் அவனைக் கேட்காமல் அந்த லயத்து வீட்டு வரிசையில் யாரும் வாய் திறக்க முடியாது.

"அதுக்கும் மரவள்ளிதான்ணே. நீங்க அதைத் தின்னுட்டு இவ்வளவு பேசலையா?"

சிரிப்பு முனியாண்டி பக்கம் திரும்பியது. அவனும் சேர்ந்து சிரித்தான். இடுப்பில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, பனியில் கால் விறைத்து நிற்கிற ஆட்களுக்குச் சிரிப்பு ஒன்றுதான் ரேஷன் இல்லாமல் கிடைத்தது. ஜப்பான்காரன் மலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. தேயிலையை வாங்கிக் குடிக்க உலகத்தில் ஆள் இல்லாமல் போனதால், கொழுந்துச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாகிக் கிடந்தன. எதிர்மலையில் பாதியை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நடச் சொல்லியிருந்தார்கள். வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான் அரிசி. வராதவர் செத்தாரா பிழைத்தாரா என்று கேட்க அதிகாரி இல்லை.

ருக்குமணி நாய் தேடியது தனக்காக அல்ல. மாமனார் நாகப்பனுக்காக.

நாகப்பனுக்கு வயது எழுபதை ஒட்டி இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. மகன் கருப்பையாவைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனபிறகு அழுது அழுதே கிழவருக்குக் கண் போய்விட்டது என்று லயத்தில் சொன்னார்கள். அழுது யாருக்கும் கண் போவதில்லை. புரை பத்து வருடமாக வளர்ந்துகொண்டிருந்தது. அதைக் கீறி எடுக்கத் தெரிந்த டாக்டர்கள் சண்டைக்கு முன்னால் ஈப்போவில் இருந்தார்கள். அவர்களிடம் தேயிலைத் தோட்டத்துக் கிழவன் ஒருவனை அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கருப்பையாவைக் கொண்டுபோன லாரி, தோட்டத்து மண்பாதை ரிங்லெட் சாலையில் சேரும் முக்கில் நின்றுதான் ஆள் ஏற்றியது. மூன்று மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து லாரிச் சத்தம் கேட்டால் நாகப்பன் எழுந்துவிடுவார். சுவரைத் தடவி, வேலியைத் தடவி, செடிகளைத் தடவி, அந்த முக்குவரைக்கும் இறங்கிப் போய் நிற்பார்.

முக்கில் ஜப்பான் சிப்பாய் ஒருவன் காவல் நின்றான். அவனைக் கடக்கிறவர்கள் இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். கண் தெரிந்தவர்களுக்கே அது மறந்து போகும். நாகப்பன் அவன் நிற்பது தெரியாமல் அவனைத் தாண்டிப் போய்ச் சாலை நடுவில் நின்றார். கன்னத்தில் விழுந்த அறையில் கீழே உருண்டார். இரண்டாவது தடவை துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். தோளில் கன்றிப்போன இடத்துக்கு ருக்குமணி உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள்.

"மூணாவது தடவை அடிக்க மாட்டான். குத்திடுவான்," என்றார் கங்காணி தங்கராஜு. மிரட்டவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அப்படி நடந்திருந்தது. "உள்ளே வச்சுப் பூட்டிட்டு வா, புள்ள. வேற வழி இல்லை."

ஒரு நாள் பூட்டிப் பார்த்தாள். கிழங்கை அவித்து மங்குத் தட்டில் வைத்து, தண்ணீர்க் குவளையை எட்டும் இடத்தில் வைத்து, வெளியே சங்கிலியை மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் திறந்தபோது, நாகப்பன் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கிழங்கு தொடப்படாமல் இருந்தது.

"ஏன் மாமா சாப்பிடலை?"

அவர் குவளையைத் தடவித் தள்ளி வைத்தார். பிறகு, "நான் எதையும் எடுத்துட்டேனா தாயி?" என்று கேட்டார்.

"என்ன பேச்சு இது?"

"இல்லை. பூட்டி வைக்கிறது திருடனைத்தானே."

அதற்குமேல் அந்தச் சங்கிலியை அவளால் தொட முடியவில்லை. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் இருவருக்கும் அரிசி கிடையாது. கூட வைத்துக்கொள்ள ஆளும் இல்லை. பால்குடி மறந்த பிள்ளைகள்கூடக் காட்டில் கிழங்கு பொறுக்கின. முன்பு ஒருமுறை கோலா தெர்லாவுக்குக் காய்கறி மூட்டை தூக்கப் போனபோது பார்த்த ஒரு காட்சி அவளுக்கு நினைவு வந்தது. கண் தெரியாத சீனக் கிழவர் ஒருவர், கையில் கயிறு பிடித்து, முன்னால் போன நாயின் பின்னால் தன் கீரைப் பாத்திக்கு நடந்துகொண்டிருந்தார். சுவர் இல்லை, வேலி இல்லை, தடவவும் இல்லை. சும்மா நடந்தார்.

அதனால்தான் அவள் நாய் தேடினாள்.

தங்கராஜு வீட்டு நாய் குட்டி போட்டு மாதம் இரண்டாகி இருந்தது. பஞ்ச காலத்தில் நான்கு குட்டிகளை எங்கே தள்ளுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். ருக்குமணி கேட்டதும் உடனே சரி என்றார். தேர்ந்தெடுக்க முனியாண்டி கூடவே வந்தான். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

குட்டி பொறுக்குவதற்கு நம்மவர்களிடம் ஒரு முறை உண்டு. ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த முறை. காதைப் பிடித்துக் குட்டியை அந்தரத்தில் தூக்க வேண்டும். வீல் என்று கத்தினால் அது கோழை. கத்தாமல் தொங்கினால் ரோஷமுள்ள ஜாதி. முனியாண்டி நான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கினான். மூன்று குட்டிகள் லயம் அதிரக் கத்தின. கறுப்புக் குட்டி ஒன்று மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கியது.

"இந்தா, இதுதான். புலி வந்தாலும் எதிர்த்து நிக்கும் லா," என்று அதை ருக்குமணி கையில் கொடுத்தான்.

அவளும் நம்பினாள். அந்த முறையை அவளுடைய அப்பாவும் நம்பினார், அவருடைய அப்பாவும் நம்பினார். எதற்காக அந்தச் சோதனை, யாருடைய நாய்க்காக அது ஏற்பட்டது என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. மந்தை வைத்திருந்தவனும் களஞ்சியம் வைத்திருந்தவனும் உண்டாக்கிய சோதனை அது. அவர்களுக்குக் காக்கப் பொருள் இருந்தது. கடிக்கிற நாய் வேண்டியிருந்தது. நாகப்பன் வீட்டில் திருடப்போவதற்கு என்ன இருந்தது? இரண்டு மங்கு, ஒரு சட்டி, சயாமுக்குப் போனவனின் பழைய சட்டை ஒன்று.

குட்டி வந்த நாளிலிருந்து நாகப்பன் அதைத் தொடவில்லை. "எனக்கு எதுக்கு நாய்?" என்று மட்டும் கேட்டார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, வாசற்படியில் சுருண்டு கிடந்த குட்டியின்மேல் கால் வைத்தார். மிதிபட்டும் அது கத்தவில்லை. தன் காலடியில் இருப்பது உயிர் என்று தெரிந்து அவர் சுதாரிப்பதற்குள் இடறி, சிமெண்ட் விளிம்பில் நெற்றி பட விழுந்தார். மாலையில் ருக்குமணி வந்தபோது புருவத்துக்கு மேல் ரத்தம் காய்ந்திருந்தது. குட்டி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அப்போதும் சத்தம் இல்லாமல், மூலையில் உட்கார்ந்திருந்தது.

இருவருக்கும் கட்டுப் போட்டாள். மறுநாள் குட்டியைத் தங்கராஜு வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோனாள்.

"என்னடி இது? லட்சத்துல ஒரு குட்டி இது," என்று வழிமறித்துக் கத்தினான் முனியாண்டி.

"எனக்கு மிதிச்சா கத்துற நாய் வேணும்ணே. கண்ணு தெரியாத மனுசனுக்குச் சத்தம் போடாத நாய் எதுக்கு? அப்புறம், குட்டியும் வேணாம். இதை வளர்த்து ஆளாக்குறதுக்குள்ள..." அவள் கண் முக்குப் பக்கம் போயிற்று.

"கத்துற நாயைக் கேட்டு வந்தவ நீ ஒருத்திதான்."

"சரி. ஒருத்தியாவே இருந்துட்டுப் போறேன்."

நடந்து வரும்போது அவள் யோசித்தாள். நல்ல நாய் எது என்று எல்லாரும் சொன்னார்கள். மாமனாருக்கு எது நல்ல நாய் என்று யாரும் சொல்லவில்லை, தானும் கேட்கவில்லை. அவருக்கு வேகம் வேண்டாம், இழுத்தால் விழுவார். மெதுவாக நடக்க வேண்டும். வளர்ந்ததாக இருக்க வேண்டும். கயிறு பழகியிருக்க வேண்டும். மனிதன் பக்கத்தில் படுத்துக் கிடக்க அலுக்கக் கூடாது.

கயிறு பழகிய நாய் இந்த மலையில் ஓர் இடத்தில்தான் இருந்தது.

ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவை அல்போன்ஸ் காவல் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சமையல்காரருக்கு எடுபிடியாக இருந்தவர். ஞாயிறுதோறும் லயத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களைக் கூட்டி ஜெபமாலை சொல்லுபவர். ஜப்பான்காரன் பங்களாவின் நாற்காலி மேசையை எல்லாம் கொண்டுபோன பிறகு, காலிச் சுவர்களுக்கு அவரைக் காவல் வைத்திருந்தான்.

துரைக்கு மூன்று நாய்கள் இருந்தன. ஜப்பான்காரன் ஈப்போவைத் தாண்டிவிட்டான் என்று கேட்ட அன்று, துரை மோட்டாரில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, நாய்களைப் புல்வெளிக்குக் கூட்டிப்போய்ச் சுட்டார். அன்னியன் கையில் அவை சிக்கிக் கஷ்டப்படக் கூடாதாம். முந்நூறு ஆட்களும் அதே அன்னியன் கையில்தான் சிக்கப்போகிறார்கள். அவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. இரண்டு நாய்கள் விழுந்தன. தொங்கு காதும் பழுப்புப் புள்ளிகளும் கொண்ட மூன்றாவது, விலாவில் குண்டு உரசிக்கொண்டு செடிக்குள் பாய்ந்து ஓடியது. ஒரு வாரம் கழித்துப் பங்களாவின் பின்படிக்கே திரும்பி வந்து படுத்துக்கொண்டது. அதற்குப் போக வேறு இடம் தெரியாது.

"ஜூடின்னு பேரு. பொட்டை. கயித்துல நல்லா வரும். நின்னா நிக்கும், உக்காந்தா உக்காரும்," என்றார் அல்போன்ஸ். "ஆனா ருக்கு, ஒண்ணு சொல்லணும். லயத்து ஆளுன்னா இதுக்கு ஆகாது. பின்வாசலுக்கு வெறுங்காலோட யார் வந்தாலும் விரட்டணும்னு பழக்கி வச்சிருந்தாங்க."

பின்படியில் கிடந்த ஜூடி அவள் காலைப் பார்த்து உறுமியது. அந்த நாய்க்குச் சாதி தெரியும் என்று லயத்தில் சொல்வார்கள். நாய்க்கு ஒரு சாதியும் தெரியாது. அதற்குச் சோறு போட்டவன் கற்றுக்கொடுத்த பாடம்தான் தெரியும். மனிதனாவது பள்ளிக்கூடம் போய், புத்தகம் படித்து, நாலு ஊரைப் பார்த்து, அப்புறமும் கற்றுக்கொடுத்த பாடத்தை விடாமல் உறுமுகிறான். நாயைக் குற்றம் சொல்ல நமக்கு ஏது வாய்?

ருக்குமணி தன் பங்குக் கிழங்கில் பாதியைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். அன்று அது வரவில்லை. அவள் போனபிறகு தின்றதாக அல்போன்ஸ் சொன்னார். மறுநாள் வேலை முடிந்ததும் திரும்ப வந்தாள். அடுத்த நாளும். உறுமல் முனகல் ஆயிற்று. முனகல் வாலில் ஒரு சின்ன அசைவாயிற்று. ஒரு சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டே வந்த அவள் படியில் உட்கார்ந்ததும், ஜூடி எழுந்து வந்து, அவளுடைய வெறுங்காலை முகர்ந்து பார்த்துவிட்டு, அதன்மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"மாதாவே," என்றார் அல்போன்ஸ் மெதுவாக.

"மாதா இல்லைங்கண்ணே. மரவள்ளி," என்றாள் ருக்குமணி.

சாக்கு நூலைப் பிரித்துத் திரித்த கயிற்றில் நாயைக் கூட்டி வந்தபோது லயத்தில் வேறு பேச்சு எழுந்தது. சாவுக்குத் தப்பி வந்த நாய், அதை வீட்டில் சேர்த்தால் சாவையும் கூட்டி வரும் என்றாள் ஒரு பெண். சயாமுக்கு ஆள் பிடித்த லாரி எந்த நாயையும் பின்தொடர்ந்து வரவில்லை. இதைச் சொன்னால் கேட்கிற நிலையில் யாரும் இல்லை என்று ருக்குமணிக்குத் தெரியும். நேராக வீட்டுக்குள் போனாள்.

"மாமா, கையைக் குடுங்க."

நாகப்பனின் கையை எடுத்து நாயின் தலையில் வைத்தாள். அந்த விரல்கள் தயங்காமல் காதின் அடிக்குப் போயின, அங்கிருந்து நுனிவரைக்கும் நீவிக்கொண்டு இறங்கின. பழகிய கை அது. காதின் நீளம் தெரிந்ததும் சூடு பட்டதுபோல விலகியது.

"பங்களா நாய்," என்றார்.

"ஆமா மாமா."

"கொண்டுபோய் விட்டுரு."

"மாமா..."

"எதை வேணாலும் கொண்டா. தெரு நாயைக் கொண்டா. துரை நாய் என் வூட்டுல வேணாம், தாயி."

ஏன் என்று அவளுக்குத் தெரியும். கருப்பையா ஒரே ஒரு முறை சொல்லியிருந்தான். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாகப்பன் துரையின் நாய்க்காரனாக இருந்தார். குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது, மாட்டிறைச்சி அவித்து ஆறவைத்து ஊட்டுவது எல்லாம் அவர். துரை இந்த மலையில் தேயிலைத் தோட்டம் திறக்க வந்தபோது, நாய்கள் லாரியில் வந்தன. ஆட்கள் நடந்து வந்தார்கள். நாய்களைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் நாகப்பனுக்கும் லாரியில் இடம் கிடைத்தது. முதல் மழைக்காலக் குளிரில் அவர் மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. அதே வாரம் ஒரு நாய்க்குக் காதில் சீழ் வைத்தது. நாயை அடிவாரத்துத் தாப்பாவுக்கு வைத்தியத்துக்குக் கொண்டுபோக மோட்டார் புறப்பட்டது. மனைவியையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று நாகப்பன் கேட்டார். இடம் இல்லை என்றார் துரை. பின் ஆசனத்தில் நாயை மடியில் வைத்துக்கொண்டு நாகப்பன் தாப்பாவுக்குப் போனார். காது கழுவி மருந்து போட்டு, மறுநாள் நாயோடு திரும்பி வந்தபோது, லயத்தில் மனைவியைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

மறுநாளே களை வெட்டும் வேலைக்கு மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த நாயையும் அவர் தொட்டுப் பார்த்தவர் இல்லை.

இதை எல்லாம் ருக்குமணி வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். நாய் கதவருகே, போகச் சொன்னால் போகத் தயாராக நின்றது. கிழங்கைக் கழுவிச் சட்டியில் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

"துரை இதையும்தான் விட்டுட்டுப் போனாரு மாமா. நம்மளை விட்ட மாதிரியே."

"நம்மளைச் சுடலை."

"இதைச் சுட்டாரு. விலாவைத் தொட்டுப் பாருங்க."

நாகப்பன் தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் கொண்டுபோய் விடச் சொல்லவும் இல்லை. ருக்குமணி அவித்த கிழங்கை மூன்றாகப் பங்கிட்டாள். "இதோட வாயைப் பார்த்துக்கிட்டு என்னால திங்க முடியாது," என்று கிழவர் முணுமுணுத்தார். அவருக்கு வாய் தெரியாது. மூச்சிரைக்கும் சத்தம்தான் கேட்டது. தன் பங்கிலிருந்து ஒரு துண்டைத் தரையில் போட்டார். போட்டவிதம், குப்பையில் எறிவதுபோல இருந்தது.

அப்படியே பத்துப் பன்னிரண்டு நாள் போயிற்று. காலையில் ருக்குமணி கயிற்றின் ஒரு முனையை அவர் மணிக்கட்டில் சுற்றிவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் அவர் அதைக் கழற்றிக் கதவுக் கொண்டியில் மாட்டிவிடுவார். நாய் அங்கேயே படுத்துக் கிடக்கும். தண்ணீர் விழும் பீலிக்குப் போகும்போது மட்டும், வழுக்கும் என்பதால், முனகிக்கொண்டே கயிற்றை எடுப்பார். ஜூடி அவருடைய அடியைவிட மெதுவாக நடக்கும். கல் வந்தால் நிற்கும். அவர் கால் கல்லைத் தடவித் தாண்டியபிறகுதான் நகரும். இதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

முனியாண்டி இதைப் பார்த்துவிட்டு ருக்குமணியிடம் சொன்னான்: "அடியே, இது நாயே இல்லை. பூனை பக்கத்துல போனாக்கூட உன் மாமனார் காலுக்குள்ள பூந்துக்குது. நேத்து நான் விறகு பிளந்தேன். கோடாலிச் சத்தத்துக்கு அது மூத்திரம் போயிருச்சு."

"போகட்டும்ணே. கழுவிக்கலாம்."

ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் கலக்கமாகத்தான் இருந்தது. இவ்வளவு பயந்த பிராணி கிழவரை எப்படிக் காப்பாற்றும்? சிப்பாயைப் பார்த்துக் குரைக்கக்கூட அதற்குத் துணிச்சல் இருக்காது.

அன்று எதிர்மலையில் அவள் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல், ரிங்லெட் பக்கமிருந்து லாரி ஏறிவரும் சத்தம் பள்ளத்தாக்கில் எழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பனி விலகியிருந்ததால் மண்பாதை தெளிவாகத் தெரிந்தது. வெள்ளை வேட்டித் துண்டு ஒன்று பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பழுப்புப் புள்ளி. கீழே முக்கில் சிப்பாயின் தொப்பி.

அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். தங்கராஜு கூப்பிட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை. சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, இந்தப் பக்கம் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினாள்.

பீலிக்குப் போகக் கயிற்றை எடுத்திருந்த நாகப்பன், லாரிச் சத்தத்தில் அது கையில் இருந்ததையே மறந்திருந்தார். ஒவ்வொரு லாரியும் கருப்பையாவின் லாரி. இன்னும் ஒரு வளைவு, அப்புறம் சாலை. திடீரென்று கயிறு பின்னுக்கு இழுத்தது. சுண்டினார். வரவில்லை. திட்டினார். அப்போது நாய் அவர் காலுக்குக் குறுக்கே வந்து, இரண்டு பாதங்களின் மேலும் படுத்துக்கொண்டது. ஒரு ஊளை, சின்னக் குழந்தை அழுவதுபோல, அதன் தொண்டையிலிருந்து வந்தது.

"எழுந்திரு சனியனே. என் மகன் வர்றான்."

அது எழுந்திருக்கவில்லை. வளைவுக்கு அப்பால் காற்றில் துப்பாக்கி எண்ணெயின் வாடை வந்ததோ, பூட்ஸ் சத்தம் கேட்டதோ, அதற்குத்தான் தெரியும். குனிந்து அதை விலக்கித் தள்ளக் கையை வைத்தார் நாகப்பன். உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. விலாவில் கை பட்ட இடத்தில் மயிர் இல்லை. விரல் நீளத்துக்கு வழவழப்பான ஒரு பள்ளம். அந்தப் பள்ளமும் நடுங்கியது.

எத்தனையோ நாய்களைக் கையில் ஏந்திய மனிதர் அவர். பயம் என்பது நாயின் உடம்பில் எப்படி ஓடும் என்று அவருக்குத் தெரியும். தாப்பாவுக்குப் போன அந்த நாயும் மோட்டாரில் அவர் மடியில் இப்படித்தான் நடுங்கிக்கொண்டு வந்தது. அன்று அவர் அதை வெறுத்தார். இத்தனை வருடம் வெறுத்தார். வெறுக்க வேண்டியவன் முன் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்து வெறுக்கவும் தைரியம் இல்லாத காலம் அது. மடியில் இருந்தது கைக்கு எட்டியது.

லாரி முக்கில் நிற்காமல் போய்விட்டது. சத்தம் வளைந்து வளைந்து தேய்ந்தது.

நாகப்பன் பாதையோரம் கிடந்த கல்லைத் தடவி உட்கார்ந்தார். நாயின் தலையைத் தன் தொடைமேல் இழுத்து வைத்தார். அதற்கு என்ன மொழி புரியும் என்பது நினைவு வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடமாக வாயில் வராத வார்த்தைகள். "குட் கேர்ள்," என்றார். "ஈஸி, ஈஸி."

ருக்குமணி மூச்சு முட்ட ஓடிவந்தபோது இருவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். வளைவுக்கு இந்தப் பக்கம். சிப்பாயின் கண்ணுக்கு எட்டாத இடத்தில். அவள் பாதையிலேயே உட்கார்ந்தாள். அழுதாள். சத்தம் வராமல் அழப் பார்த்தாள், முடியவில்லை.

"ஏன் தாயி அழுவுறே?"

"ஒண்ணுமில்லை மாமா."

"அவன் இதுல வரலை."

"இல்லை மாமா."

"இதுக்குத் துப்பாக்கின்னா ஆகாது போலிருக்கு," என்றார் நாகப்பன். கை நாயின் காதை அடியிலிருந்து நுனிவரை நீவிக்கொண்டே இருந்தது. "ஒரு அடி நகர மாட்டேங்குது. செத்தாலும் நகராது."

"நீங்க இழுத்தீங்களா?"

"இழுத்தேன்." நாயின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திவிட்டார். "அப்புறம் இழுக்க மனசு வரலை."

பாதி வேலையில் ஓடியதற்காக அன்று ருக்குமணிக்கு அரிசி இல்லை. அல்போன்ஸ் ஒரு கைப்பிடி கீரை கொண்டுவந்து கொடுத்தார். முனியாண்டி வாசலில் வந்து நின்று, நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, தன் வழக்கத்தை விடாமல் சொன்னான்:

"பெரியப்பா, அப்போ கோழை நாய்தான் உங்களுக்கு வாய்ச்சிருக்கு."

"நடுங்கணும்டா. குண்டு பட்ட உடம்பு நடுங்காம என்ன செய்யும்? அந்த முக்கைப் பார்த்து நடுங்காதவன் ஒண்ணு குருடன், இல்லேன்னா கிறுக்கன். நான் ரெண்டும்தான். எனக்குப் பதிலா இது நடுங்கட்டும்."

"ரோஷமே இல்லையே லா."

"ரோஷத்தை நீ வச்சுக்க. அந்தக் கறுப்புக் குட்டி எங்கே இப்போ?"

கறுப்புக் குட்டி, கால் ஆறியதும், காவல் சிப்பாயின் காலைப் பார்த்துப் பாய்ந்து, அங்கேயே முடிந்துபோயிருந்தது.

அதற்குப் பிறகும் நாகப்பன் லாரிச் சத்தம் கேட்டால் எழுந்துகொண்டுதான் இருந்தார். மகன் வருவான் என்ற எண்ணத்தை அவரிடமிருந்து எடுக்க ருக்குமணி முயலவில்லை. அவளுக்கும் அது வேண்டியிருந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்குவார். ஜூடி அந்த வளைவுவரை கூட்டிப் போகும், அதற்குமேல் ஓர் அடி கிடையாது. இருவரும் உட்கார்ந்து கேட்பார்கள். லாரி போனபிறகு, குளிர் ஏறத் தொடங்கியதும், நாய் எழுந்து உடம்பை உதறும். அவரும் எழுந்துகொள்வார்.

"இதுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியலை," என்று ஒரு காலையில் அவர் சொன்னார். ருக்குமணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நேத்து 'வா'ன்னேன். திருதிருன்னு முழிச்சிருக்கும்."

"முழிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

"நிக்கிறது தெரியாதா? இன்னிக்கு 'வா' சொல்லிக் குடுக்கப் போறேன். நாளைக்கு 'இரு'. நீ போ, பெரட்டுக்கு நேரமாச்சு. கயித்தை நானே கட்டிக்கிறேன்."

மதியம் போல ஒரு லாரி வந்தது. எதிர்மலையில் குனிந்திருந்த ருக்குமணி நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைத் துண்டும் பழுப்புப் புள்ளியும் பாதையில் இறங்கின. வளைவுக்கு இந்தப் பக்கம் நின்றன. பிறகு இரண்டும் உயரம் குறைந்து, பக்கம் பக்கமாக அமர்ந்தன. அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.